இடது கால் ரேகை

என் மூத்த மக பிறந்து அரை மணி நேரம்கூட ஆகலை, அவ இடது காலைப் பிடிச்சு மை தடவி ஒரு தாளில அழுத்தினாங்க. பிள்ளை வீல்னு கத்துச்சு. நான் கட்டில்ல அரை உயிரா கிடந்தேன். எனக்கு முதல்ல தோணினது, இந்தப் பாவிங்க என் பிள்ளை மேல என்ன கேஸ் போடுறாங்கங்கிறதுதான்.

சிரிக்காதீங்க. எண்பதுகளோட தொடக்கம் அது. தாராவியில எங்க சந்துல விரல்ல மையோட ஒருத்தர் வந்தா, ஒண்ணு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்திருப்பார், இல்லைன்னா குடியிருந்த அறையை எழுதிக் குடுத்துட்டு வந்திருப்பார். வேற எதுக்கும் அந்த மையை நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போ இருபது வயசு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்துச்சு. ஹிந்தி பாதி புரியும், பேச வராது. பம்பாய்ல எனக்குன்னு இருந்தது என் வீட்டுக்காரங்களும் என் ராத்தாவும்தான். ராத்தான்னா கூடப்பிறந்த அக்கா. எங்க சந்துக்கு ரெண்டு சந்து தள்ளி அவ குடியிருந்தா.

எங்க தெருவுல எல்லாருக்கும் வீட்டிலேயேதான் பிரசவம். எனக்கு மட்டும் பிள்ளை குறுக்க கிடக்குன்னு மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. ராத்தாதான் டாக்சி பிடிச்சு மாட்டுங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம், ஒரு சந்துக்குள்ள, இருபது கட்டில் இருந்த சின்ன பிரசவ ஆஸ்பத்திரி அது. இப்போ இல்லை, இடிச்சுட்டாங்க. இடிச்சதைக் கேள்விப்பட்ட அன்னைக்கு எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு, என்னத்துக்கு மறைக்கணும்.

அங்கே ஒரு பெரிய சிஸ்டர். மலையாளத்துக்காரங்க. தமிழும் மலையாளமும் கலந்து என்கிட்ட பேசுவாங்க. அவங்கதான் என் கட்டைவிரலையும் மையில தோய்ச்சு, தாளில மேல என் விரல், கீழ பிள்ளை கால்னு வாங்கினாங்க. "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சிஸ்டர், எட்டாவது படிச்சிருக்கேன்"னு சொன்னேன்.

"கையெழுத்து யாரும் போடலாம் மோளே. இது நீ மாத்ரம்தான் போட முடியும்"னாங்க.

அது முடிஞ்சதும் பிள்ளை மணிக்கட்டுல ஒரு வெள்ளை நாடா கட்டினாங்க. அதுல மையில என் கட்டில் நம்பர். பன்னிரண்டு. எதுக்குக் கட்டினாங்கன்னு அவங்களும் சொல்லலை, நானும் கேட்கலை.

பதிமூணாம் நம்பர் கட்டில்ல ஒரு மராட்டிக்காரி. விக்ரோலியிலிருந்து வந்தவ. புருஷன் ஏதோ ஃபேக்டரியில வேலை. எனக்கு மத்தியானம் பிறந்துச்சுன்னா அவளுக்கு அன்னைக்குக் காலையில பிறந்திருந்துச்சு. அவளுக்கும் பொண்ணு. அதுக்கு முன்னால பிறந்த ஒண்ணு நாற்பது நாள்ல காய்ச்சல்ல போயிடுச்சுன்னு கையைக் காட்டியே எனக்குப் புரிய வச்சா. அதனால அவ கண்ணை மூடுறதே இல்லை. மூச்சு வருதா வருதான்னு பிள்ளை மூக்குக்குக் கீழ விரலை வச்சுப் பார்த்துக்கிட்டே கிடப்பா.

சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளரை விடுவாங்க. கட்டிலுக்கு ஒரு ஆள்தான். என் வீட்டுக்காரங்க வெளியில நின்னுக்கிட்டு ராத்தாவை அனுப்பினாங்க. ராத்தா வரும்போதே முந்தானையில முடிச்சு வச்சிருந்தா. தர்காவில ஓதி வாங்கின கறுப்புக் கயிறு, மூணு. பிள்ளையைத் தூக்கிப் பார்த்தா. மூத்திரத்துல நனைஞ்சு அந்த ஆஸ்பத்திரி நாடா இறுகிப் போய், மணிக்கட்டுல சிவப்பா தடம் விழுந்திருந்துச்சு.

"அட சவமே! இந்தத் துணி புள்ள கையை அறுக்குல்லா"ன்னு சொல்லி, பல்லால கடிச்சு அத்துக் கட்டிலுக்கு அடியில இருந்த குப்பை டப்பாவில போட்டா. அந்த இடத்துல கறுப்புக் கயிறைக் கட்டினா. "பிஸ்மில்லாஹ். கண்ணூறு கிண்ணூறு ஒண்ணும் அண்டாது."

விக்ரோலிக்காரி இதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. எழுந்து உட்கார்ந்து, எனக்கும் ஒண்ணு தாயேன்னு கையை நீட்டினா. மொத பிள்ளையைப் பறிகொடுத்தவ கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? ராத்தாவுக்கு மனசு இளகிப் போச்சு. அந்தப் பிள்ளை நாடாவையும் கடிச்சு அத்தா, இன்னொரு கயிறை எடுத்து இதே மாதிரி இதே கையில கட்டினா. விக்ரோலிக்காரி ராத்தா கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நானும் எங்க ராத்தா எவ்வளவு நல்லவன்னு பெருமையா பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்.

எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் பிள்ளை கையில கட்டுற எதுவும் கண்ணூறுக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரங்க கட்டினதும் அவங்க முறைப்படி அப்படி ஒண்ணுன்னுதான் நான் நினைச்சேன். ராத்தாவும் அப்படித்தான். எங்களோடது ஓதினது, அவங்களோடது ஓதாதது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலையில மௌசி வந்து ரெண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்ட எடுத்துட்டுப் போனா. பம்பாய் ஆஸ்பத்திரிகள்ல ஆயாவை மௌசின்னுதான் கூப்பிடுவாங்க. இவ நல்ல மாதிரி, வயசானவ, கைக்கு ஒண்ணா ரெண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு நடப்பா. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தா. ரெண்டையும் ஒரே மாதிரி பச்சைத் துணியில சுத்தியிருந்தா. தலைமுடி வரைக்கும் மூடியிருந்துச்சு. என் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவுல வந்து நின்னா. நின்னவ ரெண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தா. அப்புறம் குனிஞ்சு, யாருக்கும் கேட்காத மாதிரி என்கிட்ட, "தேரா கௌன் சா?"ன்னு கேட்டா. உன்னோடது எதுன்னு.

நான் கையைக் காட்டினேன்.

இதை நான் நல்லா ஞாபகம் வச்சிருக்கேன். யோசிக்கவே இல்லை. ரெண்டு பிள்ளையும் என் கண்ணு முன்னால இருந்துச்சு. ஒண்ணு அழுதுக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு அமைதியா இருந்துச்சு. அமைதியா இருந்ததைக் காட்டினேன். மௌசி முகத்துல ஒரு நிம்மதி. அதை என் மடியில வச்சா, இன்னொண்ணை விக்ரோலிக்காரி மடியில வச்சா. அவளும் வாங்கி முத்தம் குடுத்து மாரோட அணைச்சுக்கிட்டா. ஒரு வார்த்தை கேட்கலை.

அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரங்க முதல் தடவையா பிள்ளையைப் பார்க்க வந்தாங்க. தோல் பட்டறையில வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவங்க கையில சாய வாசனை போகாது. பிள்ளையைத் தூக்கப் பயந்துக்கிட்டு கையை வேட்டியில துடைச்சுத் துடைச்சு நின்னாங்க. நான்தான் மடியில வச்சேன். வலது காதுல வாயை வச்சு, தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கை மெதுவா சொன்னாங்க. பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துச்சு. "பாரு, கேட்குது"ன்னாங்க. சொல்லும்போதே அவங்களுக்குக் கண் கலங்கிப் போச்சு. "மூக்கைப் பாரேன், எங்க வாப்பாவை உரிச்சு வச்சிருக்கு"ன்னாங்க. ஆமா ஆமான்னேன். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு.

மூணாம் நாள் காலையில பெரிய சிஸ்டர் ரவுண்டு வந்தாங்க. பிள்ளை கையைத் தூக்கிப் பார்த்தாங்க. கறுப்புக் கயிறு. அடுத்த பிள்ளை கையைத் தூக்கினாங்க. கறுப்புக் கயிறு.

"நாடா எங்கே?"

ராத்தா அத்துப் போட்டதைச் சொன்னேன். ரெண்டுமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எப்போன்னு கேட்டாங்க. முந்தாநாள்னேன். அப்புறம் குளிப்பாட்ட எடுத்துட்டுப் போனாங்களான்னு கேட்டாங்க.

அவங்க கத்தியிருந்தா எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. கத்தலை. போய் வார்டு கதவை மூடிட்டு வந்தாங்க. அப்போதான் எனக்கு விஷயம் உறைச்சது.

மௌசியைக் கூப்பிட்டாங்க. அவ, சரியாத்தான் குடுத்தேன், எனக்கு அடையாளம் தெரியும்னு அடிச்சுச் சொன்னா. சொல்லும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவ என்கிட்டதான் கேட்டா, நான்தான் கையைக் காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. சொன்னா, அப்போ உனக்கே உறுதியா தெரியுமான்னு அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு நான் பயந்தேன்.

பெரிய சிஸ்டர் கறுப்புக் கயிறுகளை வெட்டி எடுத்துட்டு, என்கிட்ட இருந்த பிள்ளை கையில சிவப்பு உல்லன் நூல் கட்டினாங்க, விக்ரோலிக்காரிகிட்ட இருந்ததுக்கு நீல நூல். "இதை அவுத்தா நான் போலீஸைக் கூப்பிடுவேன்"னாங்க. பிறந்தன்னைக்கு எடுத்த கால் ரேகைத் தாள் ரெண்டும் பீரோவில இருக்கு, ஒருத்தரை வரச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கணும், அதுவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னாங்க. அந்த ஒருத்தர் போலீஸ்ல கைரேகை பார்க்கிற வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர். செம்பூர்ல வீடு. நாளை மறுநாள்தான் வர முடியும்னு சொல்லி அனுப்பிட்டார்.

ரெண்டு நாள். யா அல்லாஹ், அந்த ரெண்டு நாளை எப்படித் தள்ளினேன்னு எனக்கே தெரியலை.

இதைச் சரியா சொல்லணும். சிவப்பு நூல்காரி என் பிள்ளை இல்லையோன்னு நான் பயப்படலை. அவ என் பிள்ளைதான், அதுல எனக்குச் சந்தேகமே வரலை. பால் குடிச்சா, என் விரலைப் பிடிச்சா, என் சூட்டுல தூங்கினா. இதுக்கு மேல என்ன வேணும்? செம்பூர்லேருந்து வர்ற அந்த ஆளு தப்பா சொல்லிடுவாரோன்னுதான் என் பயமெல்லாம். கள்ளனைப் பிடிக்கிற ஆளுக்குப் பச்சைப்பிள்ளையைப் பத்தி என்ன தெரியும்? கண்ணாடியைத் தப்பா பிடிச்சா போச்சு, தாளை மாத்தி வச்சா போச்சு. என் பிள்ளையைத் தூக்கி விக்ரோலிக்குக் குடுத்துடுவாங்க. அங்கே அவ வேற பேர்ல, வேற பாஷை பேசிக்கிட்டு, நெத்தியில குங்குமம் வச்சுக்கிட்டு வளருவா. நான் யாரோ ஒருத்தியோட பிள்ளைக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். எங்கேயாவது ரயில்ல எதிரெதிரா உட்கார்ந்தாக்கூட தெரியாமலே போயிடும். இதை நினைச்சு நினைச்சு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை.

ராத்தா வந்து விஷயத்தைக் கேட்டதும் தன் வாயிலேயே அடிச்சுக்கிட்டா. "இந்தப் பல்லு கொட்டிப் போகட்டும்! நல்லது செய்யப் போயி இப்படி ஆக்கிட்டேனே!" கொஞ்ச நேரம் அழுதா, அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு என் காதுக்கிட்ட வந்தா. "ஏ புள்ள, நான் ஒண்ணு சொல்லுதேன். நாலு மணிக் கூட்டத்தோட கூட்டமா கமுக்கமா புள்ளையைத் தூக்கிட்டு வெளிய வந்துரு. வாசல்ல டாக்சி நிறுத்துதேன். வீட்டுக்குப் போயிட்டா எவன் கேக்கப் போறான்?"

எனக்கு ஆசைதான். ஆனா கதவுல ஆள் போட்டிருந்தாங்க.

விக்ரோலிக்காரிக்கும் என் பயம்தான். அவளுக்கும் அவ கையில இருந்த நீல நூல்காரி மேல ஒரு சந்தேகமும் இல்லை. என்னைவிட உறுதியா இருந்தா. கடைசியில நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பெரிய சிஸ்டர்கிட்ட போனோம், பிள்ளைகளை இடுப்போட அணைச்சுக்கிட்டு. எனக்குத் தமிழ், அவளுக்கு மராட்டி, நடுவுல உடைஞ்ச ஹிந்தி. எங்களுக்குள்ள சண்டை இல்லை சிஸ்டர், அவ பிள்ளை அவகிட்ட இருக்கு, என் பிள்ளை என்கிட்ட இருக்கு, ரெண்டு பேருக்கும் சம்மதம், எதுக்கு இந்தச் சோதனைன்னு கேட்டோம்.

"சம்மதம் கல்யாணத்துக்குப் போதும். பிள்ளைக்குப் போதாது"ன்னுட்டு அவங்க திரும்பி நடந்துட்டாங்க. அன்னைக்கு அவங்களை நான் சபிச்சதுக்கு அளவே இல்லை.

அந்தப் பெரியவர் வெள்ளைச் சட்டையும் ரப்பர் செருப்புமா ஒரு தோல் பையைத் தூக்கிக்கிட்டு வந்தார். பெரிய சிஸ்டர் அறையில ஜன்னலோரமா மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு பேரோட வீட்டுக்காரங்களையும் வரச் சொல்லியிருந்தாங்க. சோதனைக்குச் சம்மதம்னு எழுதின தாளில முதல்ல அவங்க ரெண்டு பேரையும் விரல் ரேகை வைக்கச் சொன்னார். விக்ரோலிக்காரர் வச்சார், நல்லா விழுந்துச்சு. என் வீட்டுக்காரங்க வச்சாங்க. தாளில வெறும் கறுப்பு அப்பினது மட்டும்தான், ஒரு கோடு இல்லை. பெரியவர் துடைச்சுட்டு இன்னொரு தடவை வாங்கினார். அதுவும் அப்படியே. மறு கைவிரலைக் கேட்டார். அதுவும் வழவழன்னு வந்துச்சு.

என்ன வேலைன்னு கேட்டார். பத்து வயசுலேருந்து தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில ஊறப்போட்டு மயிர் சுரண்டினேன், இப்போ பட்டறையில ஒட்டுற வேலைன்னு சொன்னாங்க. பெரியவர் தலையை ஆட்டி, சுண்ணாம்பு தின்னுடுச்சுன்னார்.

என் வீட்டுக்காரங்க என் பக்கம் திரும்பி, தமிழ்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. "என் விரலே என்னை நான்னு சொல்ல மாட்டேங்குது. அஞ்சு நாள் புள்ளை கால் என்னத்தைச் சொல்லிடப் போகுது?"

எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் அதோட போயிடுச்சு.

பிள்ளைங்க காலைக் குடுக்கலை. மை பட்டதும் விரலைச் சுருட்டிக்கிச்சு, உதைச்சுச்சு, தாளெல்லாம் கறுப்பாச்சு. பெரியவர் கோபப்படலை. பால் குடுத்துத் தூங்க வைங்கன்னு சொல்லிட்டு டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சிவப்பு நூல்காரிக்குப் பால் குடுத்தேன். அதுதான் நான் அவளுக்குக் கடைசியா குடுத்த பால். அது தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்திருப்பேன்.

தூங்கினதும் காலை அசைக்காம, தாளைத் தூக்கிக் காலோட ஒட்டி எடுத்தார். ஒரு பிள்ளைக்கு நாலு தடவை. பழைய தாள் ரெண்டையும் புதுசையும் வரிசையா வச்சு, பூதக்கண்ணாடியில கண்ணை வச்சார். மின்விசிறி ஓடினா தாள் பறக்குதுன்னு நிறுத்தச் சொல்லிட்டார். அறையே புழுங்குச்சு. ராத்தா வாசல்ல நின்னு உதட்டை அசைச்சு ஓதிக்கிட்டே இருந்தா. நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பெரியவர் ஒரு தடவை தாளை மாத்தி வச்சுப் பார்த்தார். திரும்பவும் பழையபடி வச்சார். பென்சிலால ஏதோ புள்ளி வச்சார்.

அப்புறம் நிமிர்ந்து பெரிய சிஸ்டர்கிட்ட ஹிந்தியில மெதுவா ஏதோ சொன்னார். சிஸ்டர் ரெண்டு கையாலயும் மேசையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

எனக்கு முன்னால விக்ரோலிக்காரிக்குப் புரிஞ்சிடுச்சு. "நஹி"ன்னா. கத்தலை, சும்மா சொன்னா. நீல நூல்காரியை இறுக்கிக்கிட்டுப் பின்னால போனா.

"சிவப்பு நூல் அவளோடது மோளே. நீல நூல்தான் நின்னோடது"ன்னாங்க சிஸ்டர்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன்னு ஞாபகம் இல்லை. உங்க கண்ணாடி பொய், உங்க தாள் பொய், பெத்தவ எனக்குத் தெரியாதா, பாங்கு சொல்லியாச்சு, மூக்கைப் பாருங்கன்னு கத்தினேன். என் வீட்டுக்காரங்க என் தோளைப் பிடிச்சாங்க, அவங்களையும் தள்ளிவிட்டேன். பெரியவர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டார். கேட்டு முடிச்சுட்டு எழுந்து, தன் நாற்காலியை எனக்குக் காட்டினார். நீயே பார்னு.

இதை மட்டும் அவர் செய்யாம இருந்திருக்கலாம். அவர் தப்பா சொல்லிட்டார்னு காலமெல்லாம் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன்.

கண்ணாடியில கண்ணை வச்சேன். பென்சில் நுனியால காட்டினார். பன்னிரண்டுன்னு எழுதின தாள், மேல என் கட்டைவிரல், கீழ கால். பெருவிரலுக்குக் கீழ இருக்கிற மேட்டுல மெல்லிசு மெல்லிசா கோடு. ஒரு கோடு ஓடி வந்து, வடாலாவில தண்டவாளம் பிரியுமே அந்த மாதிரி ரெண்டா பிரிஞ்சு போச்சு. பக்கத்துலயே ஒரு குட்டிக் கோடு தனியா நின்னுச்சு. அப்புறம் நீல நூல்காரியோட தாளை நகர்த்தினார். அதே மேடு, அதே பிரிவு, அதே குட்டிக் கோடு. சிவப்பு நூல்காரியோட தாளை வச்சார். தேடினேன். கண்ணைக் கசக்கிக்கிட்டுத் தேடினேன். இல்லை. அந்த இடத்துல கோடெல்லாம் சுழிச்சுக்கிட்டு வேற பக்கம் போச்சு. பதிமூணாம் நம்பர் தாளில அந்தச் சுழி அப்படியே இருந்துச்சு.

எட்டாவது படிச்சவளுக்கும் தெரியுற மாதிரி இருந்துச்சு. நான் கண்ணாடியைக் கீழே வச்சேன்.

விக்ரோலிக்காரியையும் உட்கார வச்சுக் காட்டினாங்க. அவளும் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் எழுந்து வந்து என் முன்னால நின்னா. யார் முதல்ல குடுக்குறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. பெரிய சிஸ்டர்தான் என் கையிலேருந்து வாங்கி அவகிட்டயும், அவ கையிலேருந்து வாங்கி என்கிட்டயும் குடுத்தாங்க. அவ தன் பிள்ளையை வாங்கின உடனே, பழைய பழக்கத்துல, மூக்குக்குக் கீழ விரலை வச்சுப் பார்த்தா.

வார்டுக்குத் திரும்பி, என் மடியில இருந்த பிள்ளையை நான் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்துச்சு. பால் குடுத்தேன், குடிக்கலை. முகத்தைத் திருப்பிக்கிட்டு வீல் வீல்னு அழுதுச்சு. அடுத்த கட்டில்ல அந்தப் பிள்ளையும் அதே மாதிரி அழுதுச்சு. மூணு நாளைக்கு முன்னால மௌசி கேட்டப்போ அழுதுக்கிட்டிருந்த பிள்ளை என் மடியில இருக்கிற இதுதான்னு எனக்கு அப்போதான் உறைச்சது. பெத்த தாய் தன்னை அடையாளம் காட்டுவான்னு அழுததோ என்னவோ. நான் அழாததைக் காட்டிட்டேன்.

என் வீட்டுக்காரங்க நீல நூல்காரி காதுல மறுபடியும் பாங்கு சொன்னாங்க. இந்தத் தடவை மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ராத்தா என்னைத் தேத்துறதுக்காக, "பால் குடுத்துட்டல்லா, அதுவும் இனி நம்ம புள்ளதான், பால் உறவு விட்டுப் போகாது"ன்னா. சும்மா இரு ராத்தான்னு சொல்லிட்டேன். சாயங்காலம் பசி தாங்காம பிள்ளை குடிச்சுது. நானும் அழுதுக்கிட்டே குடுத்தேன்.

மௌசியை அன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. துணிப் பையை எடுத்துக்கிட்டு வார்டு வழியாத்தான் போனா. என் கட்டில்கிட்ட வந்ததும் கொஞ்சம் நின்னா. நான் இப்பவாவது சொல்லியிருக்கணும். பிள்ளைக்குப் பால் குடுக்குற மாதிரி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டேன். அவ போயிட்டா. இத்தனை வருஷத்துல இதை நான் என் வீட்டுக்காரங்ககிட்டகூட சொன்னதில்லை.

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு வாசல்ல ஒரு கிளார்க் இன்னொரு தடவை என் விரலையும் பிள்ளை காலையும் தாளில வாங்கினார். "இது உன் பிள்ளைதானே?"ன்னு கேட்டார். அவர் எல்லார்கிட்டயும் கேட்கிற கேள்வி அது. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். பின்னால நின்ன பெரிய சிஸ்டர்தான், ஆமான்னு எனக்காகச் சொன்னாங்க.

தாராவியில யாருக்கும் இது தெரியாம பார்த்துக்கிட்டோம். பிள்ளை வளர வளர எல்லாரும் என் சாடைன்னாங்க. நடை, கோபம், சோத்துல உப்பு குறைஞ்சா தட்டைத் தள்ளுறது, எல்லாம் நான்தான். அது எனக்கே தெரியும். அப்படியும் ரயில்ல விக்ரோலியைத் தாண்டும்போது அந்த வயசுப் பொண்ணு எது ஏறினாலும் என் கண்ணு அது முகத்துல போய் நிற்கும். மூக்கைப் பார்ப்பேன். பார்த்துட்டு, என் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற என் மகளைத் திருட்டுத்தனமா பார்ப்பேன்.

அவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரு பெருநாளுக்கு முன்னால துணி எடுக்க தாதருக்குப் போனோம். பாலத்துல இறங்க முடியலை, அவ்வளவு கூட்டம். யாரோ ஒரு பிள்ளை அம்மாவைக் காணோம்னு படியில நின்னு அழுதுக்கிட்டிருந்துச்சு. என் மக அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தா.

"உம்மா, நான் தொலைஞ்சு போனா என்ன செய்வே?"

"தேடுவேன்."

"இங்கன நிறையப் புள்ளைங்க இருக்கே. என் மாதிரியே சட்டை போட்டிருந்தா?"

நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவேல்லா? நீ என் உம்மாதானே, ஒனக்குத் தெரியும்தானே?"

ஒரே ஒரு ஆமா. சொல்லியிருந்தா அவ சிரிச்சுக்கிட்டு வந்திருப்பா. வாயைத் திறந்தேன், வரலை. அவ கையை இறுக்கிப் பிடிச்சேன். இன்னும் இறுக்கினேன்.

"வலிக்குது உம்மா"ன்னா.

வலிக்கட்டும்னு பிடிச்சுக்கிட்டே படியிறங்கினேன்.